“தூத்துக்குடியக் கழட்டி உடுங்க!”

கோவை அவினாசி சாலையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் தலைமை அலுவலகம். 2010-ம் வருடம், மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. சுவரில் மாட்டிய பெரிய திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். திண்டுக்கல் மில், ராஜபாளையம் மில், உடுமலை மில், பெருந்துறைச் சாயப்பட்டறை, சென்னை ஆபீஸ், மும்பை விற்பனைக் கிளை. கடைசியாகத் தூத்துக்குடி குடோன் உள்ளே வந்தது. வந்த மறுநொடி எல்லா முகமும் தண்ணீர் கொட்டிய கோலம் போலக் கரைந்தது.

மேஜைத் தலைப்பில் இருந்த முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் குற்றமில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். “அந்தத் தூத்துக்குடியக் கழட்டி உடுங்க. மத்தவங்களாச்சும் தெரியட்டும்.”

கழற்றிவிட்டேன். முகங்கள் பளிச்சென்று திரும்பின. கூட்டம் நடந்தது. ஆனால் அன்றைக்குப் பேச வேண்டிய முக்கியமான விஷயமே, துறைமுகத்தில் நிற்கிற பஞ்சு கன்டெய்னர்கள் எப்போது வெளியே வரும் என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் தூத்துக்குடிக்காரர். ஒவ்வொரு தடவை கேள்வி வரும்போதும் ஒருவர் எழுந்துபோய் அவருக்குப் போன் போட்டுக் கேட்டு வந்து சொன்னார். லட்சக்கணக்கில் செலவு செய்து பூட்டிய கருவி கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்க, வேலையைச் செய்தது ஒரு சாதாரண செல்போன்.

நான் வி.சி. மாட்டுகிறவன். வீடியோ கான்ஃபரன்ஸ் என்று முழுதாக யாரும் சொல்வதில்லை, கலெக்டர் ஆபீஸ் முதல் மில் ஆபீஸ் வரை “பதினோரு மணிக்கு வி.சி. இருக்கு” என்றுதான் பேச்சு. இருபது வருடத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. ஆரம்பத்தில் ‘வி.சி. தம்பி’, தலை நரைத்த பிறகு ‘வி.சி. அண்ணன்’. பல ஊர்க்காரர்களை ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது, வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் அந்தத் தூத்துக்குடிக் கதையைத்தான் சொல்வேன்.

நடுவில் ஏன் ஒரு பெட்டி?

இரண்டு பேர் பார்த்துப் பேசுவதில் சிக்கல் இல்லை. நீங்கள் அனுப்புகிறீர்கள், அவர் வாங்குகிறார். அவர் அனுப்புகிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். மூன்றாவது ஆள் வந்ததும் கணக்கு மாறும். எட்டு ஊரும் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமென்றால் 28 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் படத்தை ஏழு தடவை அனுப்ப வேண்டும், ஏழு படம் வாங்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு எம்.பி.பி.எஸ். (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) வேகம் என்றால் போக ஏழு, வர ஏழு. உடுமலை மில்லில் அந்தக் காலத்தில் இருந்த லைனே இரண்டு எம்.பி.பி.எஸ்.தான்.

அதனால் நடுவில் ஒரு பெட்டி வைக்கிறோம். எல்லா ஊரும் அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு அழைப்புப் போட்டால் போதும். ஒரு படம் போகும், ஒரு படம் வரும். சேர்ப்பது, கலப்பது, பிரித்து அனுப்புவது எல்லாம் பெட்டியின் பாடு. இதற்கு மல்டிபாய்ன்ட் கன்ட்ரோல் யூனிட் என்று பெயர். நாங்கள் எம்.சி.யூ. என்போம், ஆபீஸ்காரர்கள் வெறுமனே ‘பாக்ஸ்’ என்பார்கள்.

பார்க்க ஒன்றும் இருக்காது. சர்வர் ரேக்கில் பொருந்துகிற பத்தொன்பது அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். முன்னால் இரண்டு விளக்கு, பின்னால் நெட்வொர்க் வயர் செருக இரண்டு மூன்று துளை. கேமரா கிடையாது, மைக் கிடையாது, திரை கிடையாது. விசிறிச் சத்தம் மட்டும் மாவு மில் மாதிரி இருக்கும். “இதுக்கா இவ்வளவு விலை?” என்று கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு நல்ல பெட்டியின் விலையில் ஒரு நல்ல கார் வாங்கலாம். கார் வாசலில் நிற்கும், நாலு பேர் பார்ப்பார்கள். இது ஏ.சி. அறைக்குள் பூட்டிக் கிடக்கும்.

இந்தத் தொழிலின் பழங்கதை சுவையானது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படம் தெரியும் தொலைபேசியைக் காட்டி வாயைப் பிளக்க வைத்தது. 1970-ல் பிட்ஸ்பர்க் நகரில் அதை விற்கவும் செய்தது. மாத வாடகை 160 டாலர். வாங்க ஆளில்லாமல் போயிற்று. பின்னாளில் ஒரு கம்பெனிக் கருவி இன்னொரு கம்பெனிக் கருவியோடு பேச ஒரு பொது மொழி வேண்டியிருந்தது. ஐ.எஸ்.டி.என். தொலைபேசி லைன்களுக்கு எச்.320 என்ற விதி 1990-ல் வந்தது. இன்று ஆபீஸில் ஓடுகிற ஐ.பி. நெட்வொர்க்குக்கு எச்.323 என்ற விதி 1996-ல் வந்தது. நான் தொழிலுக்கு வந்தபோது ஐ.எஸ்.டி.என். இன்னும் இருந்தது. ஒரு லைனுக்கு 128 கே.பி.பி.எஸ். (ஒரு கே.பி.பி.எஸ். என்பது நொடிக்கு ஆயிரம் பிட்). மூன்று லைனைச் சேர்த்து 384. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து படம் வந்துவிட்டால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம்.

குரல் என்ற சாம்பார்

பெட்டி என்றதும் எல்லோரும் படத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் முதலில் குரலைப் பற்றிச் சொல்வேன். படம் ஒரு நிமிடம் உறைந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் பத்து நொடி அறுந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

எட்டு ஊரிலிருந்து எட்டுக் குரல் வருகிறது. அதை ஒரே பானையில் கொட்டிக் கலக்கி எட்டுப் பேருக்கும் ஊற்றினால் என்ன ஆகும்? உங்கள் குரலும் அதில் இருக்கும். சற்றுத் தாமதமாக உங்கள் காதுக்கே திரும்பி வரும். தன் குரலைத் தானே அரை நொடி கழித்துக் கேட்டுக்கொண்டு ஒருவராலும் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. ஆகவே பெட்டி எட்டுக் கிண்ணம் சாம்பார் தனித்தனியாக வைக்கிறது. உங்கள் கிண்ணத்தில் மற்ற ஏழு பேர் போட்டது இருக்கும், நீங்கள் போட்டது இருக்காது. இதை நொடிக்குப் பல பத்துத் தடவை, எட்டுப் பேருக்கும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

குரலின் தரத்திலும் இரண்டு சாதி உண்டு. சாதாரணத் தொலைபேசித் தரம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் எடுத்துக்கொள்ளும். ஜி.722 என்ற முறை 7,000 ஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ராஜபாளையத்திலிருந்து “லாட் எஸ்-14 திரும்பி வந்திருக்கு” என்றார்கள். கோவையில் எழுதியவர் ‘எஃப்-14’ என்று எழுதினார். இந்த இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்டுகிற சீழ்க்கைச் சத்தம் முக்கால்வாசி 3,400-க்கு மேலேதான் இருக்கிறது. பெட்டியில் அகலக் குரல் முறையைப் போட்டதற்கு அப்புறம் அந்தச் சண்டை வரவில்லை.

எதிரொலி பற்றி ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். கூட்டத்தில் உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலித்தால் குற்றம் உங்கள் அறையில் இல்லை. எதிரில் இருக்கிற ஏதோ ஓர் அறையில். அங்கே ஸ்பீக்கரில் வந்த உங்கள் குரலை அங்கிருக்கிற மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதைத் தடுக்கிற வேலை அந்த அறைக் கருவியுடையது. ஆனால் பாதிக்கப்பட்டவர் தன் மைக்கைத் தட்டுவார், தன் ஸ்பீக்கரைத் திட்டுவார். குற்றவாளியோ நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவருக்கு எதிரொலி கேட்கவே கேட்காது. பெட்டியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு ஊராக மியூட் செய்துகொண்டே போனால் எந்த ஊரை அமுக்கும்போது எதிரொலி நிற்கிறதோ அங்கேதான் ஆள். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம், மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னாலேயே வைத்திருப்பார்கள்.

யார் முகம் பெரிசு?

படத்தைக் காட்டுவதில் பெட்டிக்கு இரண்டு வழி. ஒன்று, பேசுகிறவர் முகத்தைத் திரை முழுக்கக் காட்டுவது. இன்னொன்று, எல்லோரையும் கட்டம் கட்டமாகக் காட்டுவது. இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர் பெரிதாகவும் மற்றவர்கள் ஓரத்தில் சிறிதாகவும் வைக்கிற அமைப்புதான் ஆபீஸ் கூட்டங்களில் அதிகம் ஓடுகிறது. பாடம் நடத்துவதற்கென்று ஒரு முறை உண்டு: எல்லோரும் ஆசிரியரைப் பார்ப்பார்கள், ஆசிரியர் மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

யார் பேசுகிறார் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? யார் பக்கம் சத்தம் அதிகமோ அவர். சும்மா ஒருவர் இருமினால் படம் தாவக் கூடாது என்பதற்காக ஓரிரு நொடி பொறுத்துப் பார்த்துத்தான் மாற்றும். இந்தப் புத்திசாலித்தனத்தை உடுமலை மில் தோற்கடித்தது. அங்கே வி.சி. அறைக்கு அடுத்த சுவர், நூற்பு இயந்திரங்கள் இரைகிற ரிங் ஃப்ரேம் ஷெட். யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். இருமலுக்கு ஏமாறாத பெட்டி, நிற்காத இரைச்சலுக்கு ஏமாந்தது. உடுமலையில் யாரோ மூச்சுவிடாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டது. முதலாளி பேசப் பேச, திரை முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் உடுமலை மேனேஜர். “ஏனுங்க, அவரு என்னதான் சொல்றாரு?” என்று கேட்டார் முதலாளி. கதவைச் சாத்தியது முதல் வைத்தியம். நாலா பக்கமும் கேட்கிற மைக்கை எடுத்துவிட்டு, முன்பக்கம் மட்டும் கேட்கிற மைக்கை வைத்தது இரண்டாவது வைத்தியம்.

இன்னொரு வசதியை எல்லோரும் கடைசியில்தான் கேட்பார்கள், ஆனால் தினமும் பயன்படுத்துவது அதைத்தான். கணக்குத் தாளையோ வரைபடத்தையோ முகத்தோடு சேர்த்து இரண்டாவது படமாக அனுப்புவது. முகத்துக்கு அசைவு முக்கியம், நொடிக்கு 30 படம் வேண்டும். எக்செல் தாளுக்கு அசைவு தேவையில்லை, எழுத்துத் தெளிவுதான் வேண்டும். நொடிக்கு ஐந்து படம் போதும். நல்ல பெட்டி இந்த இரண்டையும் தனித்தனியாக நடத்தும். தாளைக் கேமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கை வலிக்க நின்ற காலம் ஒன்று இருந்தது.

போர்ட் கணக்கில் ஏமாறாதீர்கள்

பெட்டியின் கொள்ளளவைப் போர்ட் என்ற அளவில் சொல்வார்கள். இங்கே போர்ட் என்றால் வயர் செருகும் துளை இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை இடங்களைச் சேர்க்க முடியும் என்ற எண். விளம்பரத் தாளில் ‘40 போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்தத் தரத்தில் 40 என்று கடுகு எழுத்தில் இருக்கும்.

பழைய வி.சி. படம் 352-க்கு 288 புள்ளி. பெருக்கினால் சுமார் ஒரு லட்சம் புள்ளி. 720பி எச்.டி. என்றால் ஒன்பது லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம், ஒன்பது மடங்கு. 1080பி என்றால் இருபது லட்சத்துக்கு மேல். அவ்வளவு புள்ளியையும் நொடிக்கு 30 தடவை பிரித்துக் கோத்து மறுபடி சுருக்கும் சில்லுகள் பெட்டிக்குள் எண்ணி வைத்தவை. எனவே பல பெட்டிகளில் படத்தின் தரத்தைக் கூட்டினால் போர்ட் எண்ணிக்கை சடசடவென்று இறங்கும். சில பெட்டிகளில் எண்ணிக்கை மாறாது. எது நம் பெட்டி என்று பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணிக்கை போதாவிட்டால் இரண்டு பெட்டிகளைச் சங்கிலி போட்டுச் சேர்க்கலாம். சென்னைக்காரர்கள் சென்னைப் பெட்டியிலும் டெல்லிக்காரர்கள் டெல்லிப் பெட்டியிலும் சேர்வார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு இணைப்பு.

மூன்று நாலு இடம்தான் என்றால் தனிப் பெட்டியே வேண்டாம். சில அறைக் கருவிகளுக்குள்ளேயே நாலு பேரைச் சேர்க்கிற சின்னப் பெட்டி இருக்கும். அந்த அறையில் மின்சாரம் போனால் நாலு ஊர்க் கூட்டமும் போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தூத்துக்குடியில் என்னதான் நடந்தது?

அன்று கூட்டம் முடிந்த கையோடு தூத்துக்குடி குடோன் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். “தம்பி, என்னால எல்லாருக்கும் தொந்தரவு போல. இனிமே நான் போன்லயே பேசிக்கிடுதேன்” என்றார். கருவியின் குறைக்கு ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டது எனக்கு உறுத்தியது. அன்றிரவு கோவை அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் பெட்டி கட்டங்களை அடுக்கி ஒரே ஒரு படம் தயாரித்து, அதை ஒரே ஒரு தடவை சுருக்கி, எல்லோருக்கும் அதையே பரிமாறிக்கொண்டிருந்தது. ஒரே அடுப்பு, ஒரே சமையல். மற்ற ஆறு கிளைக்கும் ஒரு எம்.பி.பி.எஸ். தாங்கும். தூத்துக்குடி லைன் மொத்தமே 512 கே.பி.பி.எஸ். அந்தக் கிளை உள்ளே வந்ததும், பந்தியில் ஒருவருக்குக் காரம் ஆகாது என்பதற்காக எல்லோர் சாப்பாட்டிலும் மிளகாயைக் குறைக்கிற மாதிரி, பெட்டி எல்லோருடைய படத்தையும் தூத்துக்குடியின் வேகத்துக்கு இறக்கியது.

நல்ல பெட்டிகளில் இதற்கு மருந்து உண்டு. அவரவர் லைனுக்கும் அவரவர் கருவிக்கும் தக்கபடி படத்தைத் தனித்தனியாகச் சுருக்கி அனுப்புவது. டிரான்ஸ்கோடிங் என்பார்கள். ஒரு கிளையில் பழைய கருவி, பழைய சுருக்குமுறை; இன்னொரு கிளையில் 2003-ல் வந்த எச்.264, முந்தைய முறைகளைவிட ஏறக்குறையப் பாதி வேகத்தில் அதே தெளிவைத் தருவது. இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கும். எங்கள் பெட்டியிலும் அந்த வசதி இருந்தது. ஆனால் அடுப்பு கூடக் கூடப் போர்ட் குறையும் என்பதால், முதலில் அமைத்தவர்கள் சிக்கனமாக ஒரே அடுப்பில் விட்டிருந்தார்கள். எட்டு அடுப்பு தேவையில்லை என்று தோன்றியது. தூத்துக்குடிக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. தூத்துக்குடிக்கு 384 என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஏன் 384? 512 கே.பி.பி.எஸ். லைனில் 512-ஐயும் வி.சி.க்குக் கொடுக்க முடியாது. படம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரிச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டுகளின் எடை மட்டும் சுமார் 20 சதவீதம். 384 என்று வைத்தால் லைனில் 460 வரை பிடிக்கும்.

அடுத்த கூட்டம். எல்லோரும் பளிச். தூத்துக்குடியும் நன்றாக இருந்தது, சரியாகப் பதினோரு மணி வரை. பதினோரு மணிக்கு அவர் முகம் மட்டும் துண்டு துண்டாகச் சிதறியது. மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. இந்தத் தடவை யாரும் கழற்றச் சொல்லவில்லை. விசாரித்தால், தினமும் பதினோரு மணிக்குக் குடோன் கிளார்க் கப்பல் ஆவணங்களை ஸ்கேன் செய்து கோவைக்கு அனுப்புவாராம். மிச்சமிருந்த ஐம்பது கே.பி.பி.எஸ். சந்துக்குள் அந்த லாரி நுழைய முயன்றிருக்கிறது.

இந்தத் தொழிலில் இது அடிப்படைப் பாடம். மின்னஞ்சல் பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாமதமானால் யாருக்கும் தெரியாது. உயிரோடு பேசுகிற குரலையும் படத்தையும் மறுபடி கேட்டு வாங்க நேரமில்லை. தொலைந்தது தொலைந்ததுதான். நூற்றில் ஒரு பொட்டலம் தொலைந்தாலே படத்தில் கட்டை தட்டும். ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். செயற்கைக்கோள் வழியாக வி.சி. பார்த்தவர்களுக்கு இது புரியும். சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பி வருவதற்கே கால் நொடி ஆகிறது. கேள்வி கேட்டவர் பதில் வரவில்லையே என்று மறுபடி பேசத் தொடங்க, அதே நேரம் பதிலும் வந்து முட்டும்.

இரண்டு வேலை செய்தேன். தூத்துக்குடி வேகத்தை 384-லிருந்து 256-ஆகக் குறைத்தேன். அடுத்து, ரூட்டரில் வி.சி. பொட்டலங்களுக்கு ஆம்புலன்ஸ் சலுகை கொடுத்தேன்: முத்திரை குத்திய பொட்டலம் வந்தால் மற்றவை ஒதுங்கி நிற்கும். வேகத்தைக் குறைத்ததும் படம் நன்றாக வந்தது. முதலாளிக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. “கொறைச்சா எப்படீங்க நல்லா வரும்?” நிரம்பி வழிகிற வாய்க்காலைவிட முக்கால் வாய்க்கால் தண்ணீர்தான் கடைமடைக்கு ஒழுங்காகப் போய்ச்சேரும் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

வாசலில் நிற்கும் காவல்காரர்

கம்பெனிக்கு வெளியே இருப்பவரைச் சேர்க்கும்போது வேறொரு தலைவலி. நமக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். அல்லது படம் இருக்கும், குரல் இருக்காது. காரணம் பெரும்பாலும் ஃபயர்வால், நெட்வொர்க் வாசலில் நிற்கிற காவல்காரர். எச்.323 அழைப்பு 1720 என்ற கதவைத் தட்டி உள்ளே வருகிறது. வந்த பிறகு குரலுக்கும் படத்துக்கும் வேறு வேறு கதவுகளைப் பேசி முடிவு செய்கிறது. காவல்காரருக்கு 1720 மட்டும்தான் தெரியும். போதாக்குறைக்கு, நம் கருவி தன் உள்வீட்டு முகவரியையே வெளியூர்க்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடும். ‘மாடி, இடதுபுறம் இரண்டாவது அறை’ என்று மட்டும் எழுதிய கடிதம் எந்த ஊருக்குப் போகும்? இதற்கென்றே வாசலில் உட்காரும் தனிக் கருவிகளும், எச்.460 வரிசையில் 2005-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. உள்ளே ‘கேட்கீப்பர்’ என்று ஒன்று வைத்தால் நீண்ட முகவரிகள் வேண்டாம். இன்டர்காம் மாதிரி நாலு இலக்க எண்ணில் ஊரைக் கூப்பிடலாம், லைன் தாங்காத அழைப்பை அதுவே நிறுத்திவிடும்.

தலைவலி பொறுக்காமல் சிலர் ஃபயர்வாலுக்கு வெளியே கருவியை வைத்துவிடுவார்கள். படம் அருமையாக வரும். நள்ளிரவில், ஆளில்லாத போர்டு ரூமில் மணியும் அடிக்கும். இணையத்தில் திறந்த கதவைத் தேடித் தட்டிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்களின் வேலை அது. கருவியில் ‘தானாக எடு’ என்ற வசதி இருந்தால் கேட்கவே வேண்டாம். 2012 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் எச்.டி. மூர் இப்படித் திறந்து கிடந்த கூட்ட அறைகளை இணையத்தின் ஒரு சிறு பகுதியில் தேடியே ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தார். அந்தக் கேமராக்களைத் தன் இடத்திலிருந்தே திருப்பவும் முடியும் என்று காட்டினார். அந்தச் செய்தி வந்த வாரம் நான் மாட்டிய எல்லா இடத்துக்கும் போன் போட்டு ‘தானாக எடு’ வசதியை அணைக்கச் சொன்னேன். கூட்டத்துக்குக் கடவு எண் போடுவது, போகிற வருகிற பேச்சைப் பூட்டி அனுப்புவது இரண்டும் பெட்டியிலேயே இருக்கும் வசதிகள். யாராவது ‘ஆன்’ செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி எங்கே போயிற்று?

2020-ல் ஊரடங்கு வந்தது. அதுவரை வி.சி. என்றால் மேலதிகாரிகள் சமாச்சாரம். ஒரே மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கும் அது வந்தது. வீடியோ வழியே சாட்சியம் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2020 ஏப்ரலில் வழக்கு விசாரணைகளையே வி.சி. வழியாக நடத்த வழிகாட்டுதல் கொடுத்தது.

செல்போனில் இருபது பேர் பேசும்போது பெட்டி எங்கே என்று கேட்கிறார்கள். ஒழியவில்லை, எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வேலை செய்கிற விதமும் மாறிவிட்டது. எங்கள் பெட்டி எல்லாப் படத்தையும் பிரித்து, அடுக்கி, மறுபடி சமைத்தது. இன்றைய மென்பொருள் பெரும்பாலும் சமைப்பதில்லை, தபால்காரர் வேலை பார்க்கிறது. ஒவ்வொருவர் கருவியும் தன் படத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று இரண்டு மூன்று அளவில் அனுப்பும். நடுவில் இருப்பது வாங்குகிறவர் லைனுக்குத் தக்க அளவை எடுத்துக் கொடுக்கும். அடுக்குகிற வேலை உங்கள் கைபேசியுடையது. அதனால்தான் பெரிய கூட்டத்தில் அது சூடாகிறது, பேட்டரி கரைகிறது.

அந்தக் காலத்துப் பெரிய பெயர்களும் கை மாறிவிட்டன. நார்வேயின் டான்ட்பெர்க்கை 2010-ல் சிஸ்கோ வாங்கியது. பாலிகாம் 2018-ல் பிளான்ட்ரானிக்ஸிடம் போய், ‘பாலி’ என்று பெயர் சுருங்கி, 2022-ல் எச்.பி.யிடம் சேர்ந்தது. ஆனாலும் பேச்சு வெளியே போகவே கூடாது என்கிற இடங்களில், இணையத்தைத் தொடாத தனி நெட்வொர்க்குகளில், ரேக்குக்குள் பெட்டி இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் டிவிக்குக் கீழே வைக்கிற, கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த நீளப் பட்டை. நடுப்பெட்டி மாத வாடகைக்கு.

எது வாங்கினாலும் நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் பழையவைதான். நீங்கள் சொல்கிற எண்ணிக்கை எந்தத் தரத்தில்? ஒருவர் லைன் சரியில்லை என்றால் அவர் படம் மட்டும் குறையுமா, எல்லோர் படமும் குறையுமா? குரல் அகலமா, தொலைபேசித் தரமா? கணக்குத் தாளில் எழுத்து படிக்கிற மாதிரி தெரியுமா? வெளிக் கம்பெனிக் கருவியோடு பேசுமா? மூன்று வருடம் கழித்து ஏ.எம்.சி. என்கிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் எது எது நின்றுபோகும்?

டெமோ காட்ட வருகிறவர் எப்போதும் உங்கள் தலைமை அலுவலகத்தில், உங்களுடைய சிறந்த லைனில்தான் மாட்டிக் காட்டுவார். பக்கத்து அறையிலிருக்கிற தன் ஆளையே கூப்பிடுவார். படம் சினிமா மாதிரி இருக்கும். கை தட்டிவிட்டு, ஒரே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். உங்கள் கம்பெனியில் எந்தக் கிளையின் லைன் இருப்பதிலேயே மோசமோ, அந்தக் கிளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பகல் பதினோரு மணிக்கு. அங்கே ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது. அப்போது மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அந்தக் குழுமத்தில் நான் வேகத்தைக் குறைத்துவைத்த மாதம் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பத்தரை மணிக்கு எல்லா ஊரும் வந்தாயிற்று. முதலாளி வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்: “தூத்துக்குடி, கன்டெய்னர் என்ன ஆச்சுங்க?”

கொஞ்சம் மங்கலாக, ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளிருந்து அவர் பதில் சொல்லத் தொடங்கினார். பதினோரு மணி தாண்டியது. யாரும் திரையைப் பற்றிப் பேசவில்லை.